திங்கட்கிழமை முப்பது பாடல்: ஸ்பாட்டிஃபை புதுப்பாட்டு காட்டும் விதத்தை மாற்றியபோது நடந்தது

2015 ஜூலை 20, திங்கட்கிழமை. இணையவழிப் பாட்டுச் செயலியான ஸ்பாட்டிஃபை தன் பயனர்களின் பிளேலிஸ்ட் வரிசையில் 'டிஸ்கவர் வீக்லி' என்ற பட்டியலைச் சேர்த்தது. முப்பது பாடல்கள், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வாராவாரம் திங்களன்று பழைய முப்பது போய்ப் புதிய முப்பது வரும். அவ்வளவுதான். புதுத் திரை கிடையாது, புதுப் பொத்தான் கிடையாது. 2016 மே மாதத்துக்குள் நான்கு கோடிப் பேர் அதைக் கேட்டிருந்தார்கள். அதன் வழியாக ஏறக்குறைய 500 கோடி முறை பாடல்கள் ஒலித்திருந்தன.

இதே நிறுவனம் இதே நோக்கத்துக்காக அதற்கு முன்பே ஒரு முழுப் பக்கத்தைக் கட்டியிருந்தது. அது இவ்வளவு தூரம் போகவில்லை. பிறகு 2023இல் செயலியைத் திறந்ததும் தெரியும் முகப்பையே பிரித்துப் புதிதாகக் கட்டினார்கள். கேட்பவர்களில் பலர் கொதித்துப்போனார்கள். மூன்று முயற்சிக்கும் பின்னால் இருந்த கணக்கும் கணினியும் நாளுக்கு நாள் மேம்பட்டுக்கொண்டுதான் இருந்தன. வரவேற்பு மட்டும் ஏன் இப்படி ஏறி இறங்கியது என்பதைத்தான் இந்த ஆய்வில் பார்க்கப்போகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுப்பாட்டு நமக்குக் காது வழியாகத்தான் பிடிக்கிறது, அதுவும் கையும் கண்ணும் வேறு வேலையில் இருக்கும்போதே பெரும்பாலும் பிடிக்கிறது. திரையைப் பார், தொடு, தேர்ந்தெடு என்று கேட்கும் வடிவமைப்பு அந்த வாய்ப்பைக் குறைக்கிறது.

முதல் முயற்சி

2012 டிசம்பரில் நியூயார்க்கில் நடந்த நிகழ்ச்சியில் நிறுவனர் டேனியல் எக் 'டிஸ்கவர்' பக்கத்தை அறிமுகம் செய்தார். அதுவரை செயலி என்பது ஒரு தேடல் பெட்டியும் அதன் பின்னால் கோடிக்கணக்கான பாடல்களும்தான். தேடத் தெரிந்தவருக்கு அது சொர்க்கம். எதைத் தேடுவது என்று தெரியாதவர் நேற்று கேட்டதையே இன்றும் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் டிஸ்கவர். பக்கம் முழுக்க அட்டைகள்: நீங்கள் இன்னாரைக் கேட்டீர்கள், அதனால் இவரையும் கேளுங்கள், இந்த ஆல்பம் புதிதாக வந்திருக்கிறது, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இந்தக் கச்சேரி நடக்கிறது.

பரிந்துரைகள் மோசம் என்று சொல்ல முடியாது. சிக்கல் அட்டையில் இருந்தது. ஒவ்வோர் அட்டையும் பயனரிடம் ஒரு முடிவைக் கேட்டது. படத்தைப் பார்க்க வேண்டும், பெயரைப் படிக்க வேண்டும், உள்ளே போக வேண்டும், அந்த ஆல்பத்தில் எந்தப் பாட்டிலிருந்து தொடங்குவது என்று யோசிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து. அலுவலகத்தில் காதில் ஹெட்போனோடு வேலை பார்ப்பவர் இதை எத்தனை தடவை செய்வார்?

அந்தப் பக்கத்தின் பின்னணியில் வேலை செய்த பொறியாளர்களில் ஒருவர் எட்வர்ட் நியூயெட். பக்கத்தை இன்னும் அழகாக்கும் யோசனையை அவர் விட்டுவிட்டார். அதே பரிந்துரைகளை எடுத்து, பயனரின் சொந்த பிளேலிஸ்ட் வரிசையிலேயே ஒரு பட்டியலாகப் போட்டுப் பார்த்தார். தயாரிப்புப் பொறுப்பில் இருந்த மேத்யூ ஓகிள் அதற்கு முன் லாஸ்ட்.எஃப்எம் என்ற இசைத் தளத்தில் வேலை பார்த்தவர், இசைப் பரிந்துரையில் ஊறியவர். முதலில் நிறுவன ஊழியர்களின் கணக்குகளிலேயே அந்தப் பட்டியலை இறக்கினார்கள். அங்கே கிடைத்த வரவேற்பைப் பார்த்துத்தான் வெளியே கொண்டுவரும் வேலை தொடங்கியது.

வடிவமைப்பு வேலையில் இருப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். பிளேலிஸ்ட் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதை ஓடவிடலாம், கலைத்துப் போடலாம், இணையம் இல்லாத இடத்துக்காக இறக்கி வைக்கலாம், நண்பருக்கு அனுப்பலாம். இத்தனை வசதியும் ஏற்கெனவே கட்டி முடித்தவை. பயனர் செய்ய வேண்டிய முடிவு ஒன்றே ஒன்று: ஓடவிடுவதா, வேண்டாமா. மீதி இரண்டு மணி நேரமும் பாட்டுதான்.

முப்பது என்ற எல்லையும் திங்கள் என்ற நாளும் கூடவே வந்தன. முடிவில்லாத பரிந்துரையை யாரும் முழுக்கக் கேட்டு முடிக்க முடியாது. முப்பதைக் கேட்டு முடிக்கலாம். அடுத்த திங்களன்று பழையது மறைந்துவிடும் என்பதால், பிடித்ததை அதற்குள் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மக்கள் வாரம் ஒருமுறை தாங்களாகத் திரும்பி வந்தார்கள். அட்டைப்படத்தில் பயனரின் சொந்தப் படத்தையே போட்டதும் ஒரு சின்ன விஷயம்தான், ஆனால் இது எனக்காகப் போட்ட பட்டியல் என்ற எண்ணத்தை அது உண்டாக்கியது.

காலத்தையும் கவனியுங்கள். ஆப்பிள் மியூசிக் 2015 ஜூன் 30 அன்று வெளிவந்தது. இசை தெரிந்த மனிதர்கள் கையால் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் அவர்களின் பெரிய பேச்சு. மூன்று வாரம் கழித்து ஸ்பாட்டிஃபை, அப்போதிருந்த ஏழரைக் கோடிப் பயனர்களுக்கும் ஆளுக்கொரு பட்டியல் என்று வந்து நின்றது. அத்தனை பேருக்கும் மனிதர் உட்கார்ந்து பாட்டு எடுத்துக் கொடுக்க முடியாது என்பது வெளிப்படை.

பின்னால் ஓடிய கணக்கு

ஆனால் அந்தப் பட்டியலில் மனிதர் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பயனர்கள் தாங்களே உருவாக்கிய கோடிக்கணக்கான பிளேலிஸ்ட்கள்தான் மூலப்பொருள். மழை நாளுக்கு என்று ஒருவர் இருபது பாட்டைச் சேர்த்து வைத்திருக்கிறார். அதில் பதினெட்டு நீங்களும் அடிக்கடி கேட்பவை என்றால், மீதி இரண்டும் உங்களுக்குப் பிடிக்க வாய்ப்பு அதிகம். இந்த எளிய எண்ணத்தைப் பெரிய அளவில் கணக்கிடுவதுதான் அடிப்படை. சொற்களை எண்வரிசைகளாக மாற்றுவதற்காக 2013இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட வேர்ட்2வெக் முறையையும் இங்கே பயன்படுத்தினார்கள். பிளேலிஸ்ட்டை ஒரு வாக்கியமாகவும் பாடலை ஒரு சொல்லாகவும் வைத்துக்கொண்டால், அடிக்கடி அருகருகே வரும் பாடல்கள் எண்களால் ஆன ஒரு வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் வந்து அமரும்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. நேற்று வெளியான பாட்டு யாருடைய பிளேலிஸ்ட்டிலும் இருக்காது. அதற்குப் பாட்டின் ஒலியையே ஆராய வேண்டும்: வேகம், சுருதி, கருவிகளின் தன்மை. இந்தத் திறனும், இணையத்தில் ஒரு கலைஞரைப் பற்றி எழுதப்படுவதைப் படித்துப் பிரிக்கும் திறனும் 2014 மார்ச்சில் 'தி எக்கோ நெஸ்ட்' நிறுவனத்தை வாங்கியதன் மூலம் ஸ்பாட்டிஃபைக்கு வந்தன. எம்.ஐ.டி. மீடியா லேபில் படித்த டிரிஸ்டன் ஜெஹானும் பிரையன் விட்மனும் 2005இல் தொடங்கிய நிறுவனம் அது.

எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி ஒரு மென்பொருள் பிழை. பட்டியலில் வரும் முப்பதும் பயனர் ஸ்பாட்டிஃபையில் இதுவரை கேட்காத பாடல்களாக இருக்க வேண்டும் என்பதுதான் முதல் திட்டம். ஆனால் பிழை ஒன்றால், தெரிந்த பாடல்களும் கலைஞர்களும் உள்ளே நழுவி வந்தன. கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். சரிசெய்ததும் கேட்பது குறைந்தது! எனவே கொஞ்சம் பழக்கமானதைத் தெரிந்தே கலந்துவிட்டார்கள். இதை ஓகிளே பின்னர் பொதுவில் சொல்லியிருக்கிறார்.

யோசித்துப் பார்த்தால் இதற்குக் காரணம் புரிகிறது. முன்பின் தெரியாத முப்பது பேரின் பாட்டு வரிசையாக ஓடினால், நான்காவது பாட்டிலேயே மனம் களைத்துப்போகும். நடுவில் நமக்குத் தெரிந்த ஒரு குரல் வந்தால், இதைத் தொகுத்தவருக்கு நம்மைத் தெரிந்திருக்கிறது என்ற நம்பிக்கை பிறக்கும். அந்த நம்பிக்கையில்தான் அடுத்து வரும் அந்நியக் குரலுக்கும் ஒரு நிமிடம் கூடுதலாகக் காது கொடுக்கிறோம். புதுமையின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் கண்டுபிடிப்பும் கூடிக்கொண்டே போகும் என்ற கணக்கு இங்கே உடைந்தது.

பெருகிய பட்டியல்கள், மாறிய அளவுகோல்

டிஸ்கவர் வீக்லி வென்றதும் அதன் தம்பிகள் வந்தன. 2016 ஆகஸ்டில் வெள்ளிக்கிழமைதோறும் புது வெளியீடுகளைத் தரும் ரிலீஸ் ரேடார், செப்டம்பரில் டெய்லி மிக்ஸ். முகப்புப் பக்கம் இப்படியான அலமாரிகளால் நிறைந்தது. எந்த அலமாரி மேலே, எது கீழே என்பதையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இயந்திரமே முடிவுசெய்யத் தொடங்கியது. 2018இல் ஸ்பாட்டிஃபை ஆய்வாளர்கள் வெளியிட்ட 'பார்ட்' என்ற முறை இதைத்தான் விளக்குகிறது. தெரிந்து நன்றாகப் போவதைக் காட்டுவது, இடையிடையே தெரியாததைச் சோதித்துப் பார்ப்பது, இரண்டுக்கும் நடுவே சமன் பார்ப்பது. ஒரு பரிந்துரை வென்றதா என்பதற்கு அதில் எடுத்துக்கொண்ட அடையாளம், பயனர் முப்பது விநாடிக்கு மேல் கேட்டாரா என்பது.

முப்பது விநாடி என்பது கணினிக்கு வசதியான அளவு. ராயல்டிக்கு ஒரு கேட்பாகக் கணக்கிடப்படுவதும் அதே முப்பது விநாடிதான். ஆனால் ஒரு பாட்டு நமக்குப் பிடித்துப்போனதற்கு அது அடையாளமா? பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததால் கை நீட்டி மாற்ற முடியாமல் ஓடிய பாட்டும் முப்பது விநாடியைத் தாண்டும். பழகிய பாட்டு எளிதாகத் தாண்டும். புதிதாகவும் கொஞ்சம் கரடுமுரடாகவும் இருப்பது பத்தாவது விநாடியில் விழுந்துவிடும். இப்படி ஓர் அளவுகோலை நம்பிப் பல கோடித் தடவை கற்றுக்கொள்ளும் இயந்திரம் எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிப்பது கடினமில்லை.

2020இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை இந்தக் கவலைக்கு எண்ணிக்கையோடு உருவம் கொடுத்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஆஷ்டன் ஆண்டர்சனும் ஸ்பாட்டிஃபை ஆய்வாளர்களும் சேர்ந்து, அந்தச் செயலியின் தரவை வைத்தே எழுதியது. அதில் தெரியவந்தவை: அல்காரிதம் வழியாகக் கேட்பது, கேட்கும் இசையின் பன்மை குறைவதோடு தொடர்புடையது. காலப்போக்கில் பலதரப்பட்ட இசைக்கு நகர்ந்தவர்கள் பரிந்துரைகளைக் குறைத்து, தாங்களே தேடிக் கேட்பதைக் கூட்டியவர்கள். அப்புறம், பலதரப்பட்டு கேட்பவர்கள்தான் சந்தா கட்டுவதற்கும் செயலியிலேயே நிலைத்திருப்பதற்கும் அதிக வாய்ப்புள்ளவர்கள்.

ஒரு நிறுவனம் தன் சொந்தத் தரவில் இப்படி ஒரு முடிவைக் கண்டு, அதை ஒளிக்காமல் வெளியிட்டது பாராட்டுக்குரியது. ஆனால் அதே 2020 நவம்பரில் இன்னொரு அறிவிப்பும் வந்தது. அதன் பெயர் டிஸ்கவரி மோட். இசை நிறுவனமோ கலைஞரோ குறிப்பிட்ட பாடல்களுக்குக் குறைந்த ராயல்டிக்கு ஒப்புக்கொண்டால், செயலிக்குள் இருக்கும் வானொலி, பட்டியல் முடிந்ததும் தானாகப் பாட்டு ஓடும் ஆட்டோபிளே போன்ற இடங்களில் அந்தப் பாடல்கள் வரும் வாய்ப்பு கூட்டப்படும். 2021இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவர் இதைப் பற்றிக் கேள்வி எழுப்பிக் கடிதம் எழுதினார்கள். கலைஞர்கள் போட்டி போட்டுக்கொண்டு தங்கள் கூலியைத் தாங்களே குறைத்துக்கொள்ளும் நிலை வந்துவிடுமே என்பது அவர்கள் கவலை. கேட்பவர் பக்கத்திலிருந்து எனக்கு வேறொரு கவலை. திங்கட்கிழமைப் பட்டியலின் பலமே நம்பிக்கைதான். இந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும் என்பதால் வந்ததா, வேறு காரணத்தால் வந்ததா என்ற சந்தேகம் ஒருமுறை நுழைந்துவிட்டால், முப்பது அந்நியக் குரல்களுக்குப் பொறுமையாகக் காது கொடுக்க யாருக்கும் தோன்றாது.

2023: மேலும் கீழும் தள்ளும் முகப்பு

2023 மார்ச் 8 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நடந்த 'ஸ்ட்ரீம் ஆன்' நிகழ்ச்சியில் புதிய முகப்பு வந்தது. இசை, பாட்காஸ்ட், ஒலிப்புத்தகம் என்று மேலே பிரிவுகள். தொட்டால் திரை நிறைய ஒரு முன்னோட்டம், காணொளியோடு ஓடும். விரலால் தள்ளினால் அடுத்தது. டிக்டாக்கில் பழகிய கைக்கு இது புரியும் என்பது எண்ணம். காரணம் இல்லாமலும் இல்லை. இளைஞர்கள் புதுப்பாட்டை டிக்டாக்கில் கேட்டுவிட்டு, முழுப்பாட்டைக் கேட்க மட்டும் ஸ்பாட்டிஃபைக்கு வந்துகொண்டிருந்தார்கள். கண்டுபிடிக்கும் இடம் கைவிட்டுப் போவதை எந்த இசைச் செயலியும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்காது. முன்னோட்டத்தில் ஒரு நியாயமும் இருந்தது: ஒரு பாட்டு பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள மூன்று நிமிடம் செலவழிக்க வேண்டியதில்லை, சில விநாடி போதும்.

பயனர்கள் எதிர்த்தார்கள். செயலியைத் திறந்தால் தன் பிளேலிஸ்ட் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது, கேட்காத பாட்காஸ்ட் திரையை அடைத்துக்கொள்கிறது என்பவை பரவலாக எழுந்த புகார்கள். அதன் பிறகு வந்த மாதங்களில் முகப்பு மேலும் பல மாற்றங்களுக்கு உள்ளானது.

இசைச் செயலியைத் திறப்பவர்களில் பெரும்பாலோர் புதிதாக எதையும் தேடி வருவதில்லை. பேருந்து வந்துவிட்டது, நேற்று பாதியில் விட்டதைத் தொடர வேண்டும். நடைப்பயிற்சிக்குக் கிளம்பியாயிற்று, அந்தப் பழைய பட்டியல் வேண்டும். பழையதற்குத் திரும்புவதுதான் முகப்பின் முதல் வேலை. 2015இல் கண்டுபிடிப்புக்கு ஒரு தனி மூலை கொடுத்தார்கள், வேண்டியவர் வேண்டிய நேரத்தில் போனார். 2023இல் அதை வாசலிலேயே நிறுத்தியதால், அவசரமாக உள்ளே போகிறவர்களெல்லாம் அதில் இடறினார்கள்.

அதோடு, சில விநாடித் துண்டை வைத்துப் பாட்டை எடைபோடச் சொல்வது எல்லா வகை இசைக்கும் ஒத்துவராது. தொடக்கத்திலேயே பிடித்திழுக்கும் பாட்டுக்கு அது பொருந்தும். மெல்ல விரியும் பாட்டு, இரண்டாம் முறை கேட்கும்போதே பிடிபடும் பாட்டு, பல்லவியைவிடச் சரணம் உயர்ந்து நிற்கும் பாட்டு, இவையெல்லாம் அங்கே தோற்றுவிடும்.

தமிழ் கேட்பவருக்கு இது எப்படி வந்து சேர்ந்தது

ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு 2019 பிப்ரவரியில் வந்தது. வரும்போதே, எந்தெந்த மொழிப் பாடல்கள் வேண்டும் என்று பயனரிடம் கேட்டுப் பரிந்துரைக்கும் வசதியையும் கொண்டுவந்தது. அது நல்ல முடிவு. ஆனால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் கலைஞர், ஆல்பம், பாடல் என்ற மேற்கத்திய அடுக்கில் கட்டப்பட்டது. தமிழ்த் திரைப்பாட்டு அந்த அடுக்கில் சரியாக உட்காராது.

நம் கேட்பவருக்குப் பாட்டின் முகவரி பெரும்பாலும் படத்தின் பெயர், அடுத்து இசையமைப்பாளர், பாடியவர், பலருக்கு நடித்தவரும் கூட. பாடலாசிரியரைப் பின்தொடர்ந்து கேட்பவர்களும் உண்டு. ஒரு குறிப்பிட்ட கவிஞரின் வரிகளுக்காகவே பாட்டுக் கேட்பவருக்கு, கலைஞர் என்ற கட்டத்தை மட்டும் பார்க்கும் இயந்திரம் என்ன செய்ய முடியும்? பழைய பாடல்களில் இன்னொரு சிக்கல். ஒரே ஒலிப்பதிவு படத்தின் ஆல்பத்தில் ஒருமுறை, காதல் பாடல்கள் தொகுப்பில் ஒருமுறை, பாடகரின் சிறந்த பாடல்கள் தொகுப்பில் இன்னொரு முறை என்று செயலியில் பல அடையாள எண்களில் கிடக்கும். பயனர்களின் பிளேலிஸ்ட்களில் அந்தப் பாட்டு இப்படிச் சிதறிக் கிடந்தால், அதன் அக்கம்பக்கத்தைக் கணக்கிடும் முறைக்குக் கிடைக்கும் தடயமும் சிதறும். கேட்டதே வேறு எண்ணில் புதுப்பாட்டாகத் திரும்பி வரவும் இடமுண்டு.

மொழிமாற்றப் படங்கள் இன்னொரு வகை. ஒரே மெட்டு தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் வருகிறது. ஒலியை மட்டும் ஆராய்ந்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. கேட்பவருக்கு அப்படியில்லை.

அப்புறம் வீடு. ஒரே கணக்கில் காலையில் பாட்டி கேட்கும் முருகன் பக்திப்பாடல், மாலையில் குழந்தைக்குப் போடும் பாட்டு, இரவில் பேரனின் கானா. இத்தனையும் ஒரே ஆளின் ரசனை என்று இயந்திரம் எடுத்துக்கொண்டால் திங்கட்கிழமைப் பட்டியல் யாருக்கும் உதவாது. இது தமிழ் வீட்டுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. குறிப்பிட்ட பிளேலிஸ்ட்டை ரசனைக் கணக்கிலிருந்து நீக்கிவைக்கும் வசதியை ஸ்பாட்டிஃபை 2023இல் கொண்டுவந்தது. ஆனால் அது மெனுவுக்குள் ஒளிந்திருக்கும் வசதி. அதை யார் தேடிக் கண்டுபிடிப்பார், பாட்டியா?

பத்தாம் ஆண்டு

2024இல் சில நாடுகளில், வேண்டிய மனநிலையைச் சொற்களில் எழுதினால் பட்டியல் போட்டுத் தரும் ஏஐ பிளேலிஸ்ட் வந்தது. 2025இல் டிஸ்கவர் வீக்லிக்குப் பத்து வயது நிறைந்தபோது, அதன் வழியாகக் கேட்கப்பட்ட பாடல்களின் எண்ணிக்கை 10,000 கோடியைத் தாண்டிவிட்டது என்று நிறுவனம் அறிவித்தது. கூடவே, சந்தா கட்டுபவர்கள் பட்டியலின் மேலேயே இசை வகையைத் தேர்ந்தெடுத்து அந்த வார முப்பதைத் திருப்பிக்கொள்ளும் வசதியும் வந்தது.

இந்த மாற்றம் எனக்கு ஏற்புடையது. பட்டியல் அதே பட்டியல், முப்பது அதே முப்பது, திங்கள் அதே திங்கள். விரும்பினால் ஒருமுறை தொட்டுத் திசை மாற்றலாம், இல்லாவிட்டால் எதையும் தொடாமல் கேட்கலாம். 2020 ஆய்வு சொன்னபடி, தானே தேடுபவர்தான் விரிவாகக் கேட்கிறார். அப்படியானால் அந்தத் தேடலுக்குக் கொஞ்சம் இடம் விடுவதே முறை.

இதேபோன்ற வேலையைத் தமிழுக்காகச் செய்ய வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, திரையைத் தொடும் முன் தரவைச் சரிசெய்யுங்கள் என்பதுதான். சிதறிக் கிடக்கும் ஒரே ஒலிப்பதிவுகளை ஓர் எண்ணில் சேர்ப்பது, பாடலாசிரியரையும் படத்தையும் கணக்குக்குள் கொண்டுவருவது, மொழியைப் பட்டியலின் மேலேயே மாற்றவிடுவது. பிறகு அளவுகோல். முப்பது விநாடியோடு நிறுத்தாமல், பரிந்துரையில் முதல்முறை கேட்ட பாட்டை அந்தப் பயனர் ஒரு மாதம் கழித்துத் தானாகப் பெயர் சொல்லித் தேடினாரா, அந்த இசையமைப்பாளரின் இன்னொரு படத்துக்குள் போனாரா என்று எண்ணிப் பாருங்கள். இந்த எண் மெதுவாகத்தான் வரும், வாராந்திரக் கூட்டத்தில் காட்ட வரைபடம் இருக்காது. இருந்தாலும் இரண்டு வடிவமைப்பில் எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும் நாளில், மேசையில் இருக்க வேண்டிய எண் அதுதான்.